மறைத்து வைத்த லாட்டரிப் பணம்

1996-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், சக ஊழியர்களோடு கூட்டாக லாட்டரிச் சீட்டு வாங்கிய ஒரு மாதுக்கு, 13 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை, 20 வருஷத் தவணைகளில் கிடைக்கும்படியாக அதிர்ஷ்டம் வாய்த்தது. 25 வருஷம் உடன் வாழ்ந்த கணவரிடம் அதைப் பற்றி மூச்சுவிடாமல், சில தினங்களுக்குள் விவாகரத்துக்கு மனுச் செய்து, லாட்டரித் தபால்கள் தாயார் வீட்டு விலாசத்துக்கே வரும்படி ஏற்பாடு பண்ணிவிட்டு, கோர்ட்டில் தாக்கல் செய்த சொத்துப் பத்திரத்திலும் அதை அவர் காட்டாமல் விட்டார்.

ரகசியத்தை உடைத்தது துப்பறிவாளர் யாருமல்ல. தவணைகளை மொத்தமாக விலைக்கு வாங்கும் வியாபாரக் கம்பெனி ஒன்று அனுப்பிய கடிதம், 1999-இல், முன்னாள் கணவர் வீட்டில் போய் விழுந்ததுதான்!

மணவாழ்க்கையில் ஈட்டிய பொருள் இருவருக்கும் சரிபாதி என்பது அம்மாகாணச் சட்டம். ஆனால் ஒருவர் வஞ்சகமாக அதை மறைத்தாரென்று ருசுவானால், மறைத்த பொருள் முழுவதையும் மற்றவருக்கே அளிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. அவ்வாறே பரிசு முழுவதும் கணவருக்குப் போயிற்று. 2001-இல் அப்பீல் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் பாதியாவது அவ்வம்மையாருக்கு மிஞ்சியிருக்குமே என்று நமக்குத் தோன்றாமலில்லை.

விவாகரத்துத் தீர்ப்பில் விட்டுப்போன பொதுச்சொத்தைப் பங்கிடக் கோரி, தீர்ப்புக்குப் பின்னரும் அதே கோர்ட்டை அணுக அங்கே வழியிருக்கிறது. வருமானவரிப் படிவங்களும் பாங்குக் கணக்குகளும், தவறி வந்த தபாலுங்கூட, அப்போது சாட்சியமாகும்.