நரம்பும் தசையும்

நினைத்தவுடன் நம் கை நீளுகிறது, கால் நடக்கிறது. இவ்வியக்கங்களுக்குக் காரணமாய் அமைந்தவை தசைகள். ஒவ்வொரு தசையும் மெல்லிய இழைகள் பலவற்றால் ஆகியது. அவ்விழைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சில மெல்லச் சுருங்கும். நெடுநேரம் உழைத்தாலும் இளைப்படையா. உயிர்வளியைச் சேமித்து வைக்கும் செந்நிறப் பொருள் மிக்கிருத்தலின் அவை சிவந்து தோன்றும். வேறு சில விரைந்து சுருங்கும், விரைவில் களைக்கும், வெளிறித் தோன்றும். நாள் முழுதும் நின்றும் நடந்தும் திரியும் கோழியின் கால் தசை சிவந்தும், எப்போதேனும் சிறகடிக்க உதவும் மார்புத் தசை வெளுத்தும் இருத்தல் இதனாலேயாம். மனிதர் தசைகளிலோ இருவகை இழைகளும் எள்ளும் அரிசியும் போலக் கலந்துள்ளன.

இவ்வேறுபாடு தசையின் மாறாக் குணமோ? அன்று. ஆஸ்திரேலிய நாட்டுக் கான்பெரா நகரில் புல்லர், ஜான் எக்கில்ஸ், அவர் மகளார் ரோசமண்டு எக்கில்ஸ் ஆகிய மூவரும் இதனை ஆராய்ந்து 1960ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் பூனையின் பின்னங்காலில் விரைவுத் தசையின் நரம்பையும் மெதுத் தசையின் நரம்பையும் அறுத்து, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இணைத்தனர். நரம்புகள் வளர்ந்து சேர்ந்தபின் மெதுத் தசை விரைவுற்றது. விரைவுத் தசை மெதுவாயிற்று. ஏவும் நரம்பிற்கு ஏற்பத் தசை தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் என்பது புலனாயிற்று.

விபத்தில் நரம்பு ஊறுபட்டாலும் இத்தகைய மாற்றம் நிகழும். ஏவலற்ற இழைகள் மெலியும். அருகில் பிழைத்துள்ள நரம்புகள் தளிர்விட்டு அவற்றைத் தழுவிக்கொள்ளும். தழுவிய நரம்பின் வகையையே அவ்விழைகளும் அடையும். ஆதலின், முன்னர்க் கலந்திருந்த இழைகள் பின்னர் வகைவகையாய்ப் பாத்தி கட்டினாற்போலத் திரளும். தசைத் துணுக்கை நுண்ணோக்கியில் காணும் மருத்துவர், நரம்பு கெட்டு மீண்ட வரலாற்றை அத்திரளைக் கொண்டே அறிவர்.

அறுபட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளரும். தோளருகே அறுந்தது விரல்களை எட்ட ஓராண்டினும் மிகுதியாகும். நெடுங்காலம் ஏவல் பெறாத தசையிலோ கொழுப்பும் நாரும் புகுந்துவிடும். அதன்பின் நரம்பு வந்து சேரினும் பயன் சிறிதே.

ஆதலின், மாணவர்களே, காயத்தால் கையோ காலோ மரத்து அசைவற்றால், தானே சரியாகும் என்று வாளா இருத்தல் கூடாது. உடனே மருத்துவரை நாடுக. மூட்டுகள் இறுகாவண்ணம் அவர் கூறும் பயிற்சிகளை நாள்தோறும் தவறாது செய்க. நரம்பு வரும் வரையில் தசையைக் காத்து நிற்பது நம் கடமையாகும்.