முதுமையை முடக்குவது எது?

எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவருக்குக் கண்ணில் புரை வளர்ந்து பார்வை மங்கிவிட்டது. சிறியதோர் அறுவை சிகிச்சையில் நீங்கக் கூடிய குறைதான் அது. ஆயினும் ஆண்டுகள் இரண்டு உருண்டோடிவிட்டன. "மகன் சபரிலிருந்து வரட்டும்" என்கிறார்கள் வீட்டார். "இந்த வயதில் இனி நான் பார்த்து என்ன ஆகப் போகிறது?" என்கிறார் அவர். பார்வை மங்கியதால் படியிறங்க அச்சம். படியிறங்காததால் அண்டை வீடும் அந்நியமாயிற்று. நடை குறைந்தது, கால்கள் வலுவிழந்தன. இன்று அவர் படுக்கையில் இருக்கிறார். பார்ப்போர் அதற்கு வைக்கும் பெயர், "முதுமை".

நம் ஊர்கள் பலவற்றில் காணும் காட்சிதான் இது. ஆனால் அவரை முடக்கியது உண்மையில் முதுமைதானா?

உடற்குறை வேறு, முடக்கம் வேறு

உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட வகைப்பாடு, ஊனம் என்பது உடலில் மட்டும் இருப்பதன்று என்கிறது. உடலின் நிலையும் மனிதன் வாழும் சூழலும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன. முழங்கால் வலி உள்ள ஒருவர், கைப்பிடியும் உட்காரும் கழிப்பறையும் உள்ள வீட்டில் பிறர் துணையின்றி வாழ்வார். அதே வலியுடையவர், உயர்ந்த வாசற்படியும் வழுக்கும் தரையும் உள்ள வீட்டில் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பார். நோய் ஒன்றுதான், வாழ்வு இரண்டாகிவிடுகிறது.

கண் மருத்துவத்தில் நம் தமிழகத்திற்கே ஒரு வரலாறு உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தது. கிராமங்கள் தோறும் முகாம்களையும் நடத்தியது. ஆயினும் தமிழகக் கிராமங்களில் நடத்தப்பெற்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண் சிகிச்சை தேவைப்பட்டோரில் பத்தில் ஒருவர் கூட முகாமுக்கு வரவில்லை என்று காட்டியது. சிகிச்சை இலவசம்தான். ஆனால் பயணச் செலவும், உடன் வர ஆளும், அச்சத்தைப் போக்கும் ஆறுதலும் வேண்டுமே! போக்குவரத்துக்கும் உணவுக்கும் ஏற்பாடு செய்தபோது வருவோர் தொகை பெருகியது.

இதே உண்மையை உணர்ந்துதான், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் வீடு தேடிச் சென்று மாத்திரை வழங்கும் திட்டம் 2021இல் தமிழகத்தில் தொடங்கப்பட்டது.

தனிமை எனும் நோய்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அலமீடா என்ற பகுதியில் ஏறத்தாழ 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். உற்றார், நண்பர், வழிபாட்டுத் தலம், சங்கம் ஆகிய தொடர்புகள் மிகக் குறைந்திருந்தோர், தொடர்புகள் நிறைந்திருந்தோரைக் காட்டிலும் இரு மடங்குக்கும் மேலாக இறந்தனர் என 1979இல் முடிவு வெளியாயிற்று. நம் பெரியவர்களுக்கு வெள்ளிதோறும் பள்ளிவாசலில் கிடைக்கும் ஸலாமும் முஸாபஹாவும் வெறும் சடங்கல்ல என்பது இதனால் விளங்கும். காது மந்தமானவரிடம் பேச்சைக் குறைத்துக் கொள்கிறோம். அவரோ மெல்ல மெல்லச் சபையை விட்டே விலகிவிடுகிறார்.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. கணவனை இழந்தவளின் இத்தா நான்கு மாதம் பத்து நாட்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் பல வீடுகளில் அவளுடைய ஒதுக்கம் முடிவதேயில்லை. பிள்ளைகள் இருந்தால் கணவன் விட்டுச் சென்றதில் எட்டில் ஒரு பங்கு அவளுக்கு என்று திருமறை வரையறுத்திருக்கிறது. அந்தப் பங்கு அவள் கைக்கு வருகிறதா? கையில் காசில்லாதவள், மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறாள். வலியை விழுங்குகிறாள், நோய் முற்றுகிறது. வாரிசுரிமையை மறுப்பது பாவம் என்பதை அறிவோம். அது ஒரு தாயின் உடல்நலத்தையும் பறிக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தோமா?

மார்க்கம் காட்டும் வழி

நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழட்டும், அதுவும் இயலாதவர் படுத்துத் தொழட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சலுகை அளித்தார்கள். மனிதனின் இயலாமைக்கேற்பக் கடமையின் வடிவமே தளர்த்தப்பட்டது. அப்படியிருக்க, நம் பள்ளிவாசலின் படிகள் ஏன் தளரக் கூடாது? ஒரு சாய்தளம், ஒளுச் செய்யுமிடத்தில் கைப்பிடியும் இருக்கையும், வழுக்காத தரை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, மினாராவின் வண்ண விளக்குகளுக்கு ஆகும் செலவை விட அதிகமா?

2007இல் நடுவண் அரசு இயற்றிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிக்கத் தவறும் பிள்ளைகள் மீது முறையிட வழி செய்துள்ளது. ஆனால் எந்தத் தாய் தன் மகன் மீது மனுக் கொடுப்பாள்? அந்த நிலை வராமல் காக்க வேண்டியவர்கள் நாம்தான். ஜமாஅத்துகள் தம் மஹல்லாவில் உள்ள முதியோரைக் கணக்கெடுக்கலாம். மருத்துவமனைக்கு உடன் செல்ல இளைஞர்களை அமர்த்தலாம். பைத்துல்மாலிலிருந்து மூக்குக் கண்ணாடிக்கும் செவிக் கருவிக்கும் உதவலாம்.

இவை அனைத்துக்கும் முன்னதாக, இன்று இரவே செய்யக் கூடியது ஒன்றுண்டு. வீட்டிலுள்ள முதியவரின் அருகில் அமர்ந்து, "கண் தெரிகிறதா? காது கேட்கிறதா? எங்கே போக ஆசை?" என்று கேட்பதே அது. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சிற்றொலியையும் காட்டலாகாது என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் நம்மைத் தடுக்கிறது. சலிக்காமலிருப்பது தொடக்கம்தான், கைபிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அதன் நிறைவு.

அந்த நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.