மாரடைப்புக்குப் பிறகு கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. இந்தப் பக்கத்தில் மாரடைப்பு வந்தவர்கள் பெரும்பாலும் புதுச்சேரிக்குப் போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, பை நிறைய மாத்திரையோடு வீடு திரும்புகிறார்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறவர்கள்கூட கொழுப்பு மாத்திரையான அட்டார்வாஸ்டாட்டினை மட்டும் சில மாதங்களில் விட்டுவிடுவதுண்டு. "கொலஸ்ட்ரால்தான் நார்மலுக்கு வந்துடுச்சே, இனி எதுக்கு?" என்று கேட்பார்கள். மாத்திரை போடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும்.

ஸ்டென்ட் ஒரு இடத்துக்குத்தான்

அடைபட்ட ஒரு இடத்தை மட்டுமே ஸ்டென்ட் திறக்கிறது. மற்ற ரத்தக் குழாய்களில் படிந்த கொழுப்பு அப்படியேதான் இருக்கும். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அட்டார்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரைகள் குறைக்கின்றன. அதனால் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் எல்.டி.எல். கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. படிவுகளும் எளிதில் வெடிக்காதபடி இறுகுகின்றன. தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே தரும் 14 மாத்திரைகளில் 8 அட்டார்வாஸ்டாட்டின்தான்.

நூறு பேரில் நான்கு உயிர்

இதய நோயாளிகள் 4,444 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில், மருந்தில்லாத போலி மாத்திரை போட்டவர்களில் நூற்றுக்கு 12 பேர் இறந்தார்கள். ஸ்டாட்டின் போட்டவர்களில் 8 பேர். மாத்திரை போட்டும் எட்டுப் பேரைக் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் நூறு குடும்பங்களில் நான்கு குடும்பங்களுக்கு அப்பாவோ அம்மாவோ மிஞ்சுவது எனக்குச் சின்ன லாபமாகத் தெரியவில்லை. மாரடைப்பே வராதவருக்கு இந்த லாபம் குறைவு. அவர் கணக்கு வேறு.

உப்பளத்தில் வேலை செய்பவரின் உடம்பு வலி

விடியும் முன்பே பாத்தியில் இறங்கி, உப்பைப் பலகையால் இழுத்துக் குவித்து, கூடையில் சுமந்து கரையேற்றுகிறவருக்குத் தொடையும் தோளும் வலிக்காத நாளே கிடையாது. மாத்திரை தொடங்கியதும் பழி அதன்மேல் விழுகிறது. பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டு அலசலில், தசைக் கோளாறு சொன்னவர்கள் ஸ்டாட்டின் போட்டவர்களில் 27.1 சதவீதம், போலி மாத்திரை போட்டவர்களில் 26.6 சதவீதம். வலி உண்மைதான், பெரும்பாலும் காரணம் மாத்திரை இல்லை.

அபூர்வமாகத் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ஆபத்தும் இருக்கிறது. உட்கார்ந்தால் எழ முடியாத பலவீனம், கடுமையான வலி, டிக்காஷன் நிறத்தில் சிறுநீர் இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாலே தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அதனால் உப்பளத்தில் நிற்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற சில மருந்துகள் சேர்ந்தாலும் இந்த ஆபத்து கூடும். காய்ச்சலுக்கு மருந்து வாங்கும்போது இதய மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள்.

சுகர் வருமா?

சிலருக்கு வரும். ஏறக்குறைய 255 பேர் நான்கு ஆண்டு ஸ்டாட்டின் போட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சுகர் வரலாம். ஏற்கெனவே எல்லையில் இருப்பவருக்கே அதிகம். சுகரை மருந்தால் அடக்கலாம். இரண்டாவது மாரடைப்பு அந்த வாய்ப்பைத் தராமலே போகலாம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்பது?

"என் எல்.டி.எல். எவ்வளவு?" என்று கேளுங்கள். மாரடைப்பு வந்தவருக்கு அது 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்கும் கீழே இருக்க வேண்டும். வலி தாங்கவில்லையென்றால் அதையும் சொல்லுங்கள். தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் செய்து பார்ப்பார்கள். மாத்திரையின் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரையைச் சேர்க்கலாம். அதுவும் போதாதவர்களுக்கு ஊசி மருந்துகூட இருக்கிறது.