கடை விளக்குக்கு எந்த பெட்டரி?

2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டு அமுலானதை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். கடைக்கு எல்.ஈ.டி. விளக்கைத் தாமே பொருத்துவோர், பெட்டரி வாங்குமுன் கணக்குப் பார்ப்பது அவசியம்.

20 வொட் விளக்கு 5 மணித்தியாலம் எரிய 100 வொட்-மணி தேவை. 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈய அமில பெட்டரியில் இருப்பதோ 84 மட்டுமே. அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். 18 அம்பியர்-மணி என்றால் பாதியே 108, அதுவே பொருத்தம்.

வாகன பெட்டரி ஸ்டார்ட் செய்வதற்கானது. நாளாந்தம் ஆழமாக இறக்கினால் விரைவில் பழுதாகும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் விலை கூடினாலும் பல மடங்கு உழைக்கும். ஆனால் அதற்குரிய சார்ஜரே வேண்டும். எதுவாயினும் நேர்முனை அருகே பியூஸ் போட மறவாதீர்கள்.

விலையை உழைக்கும் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். எது மலிவு என்பது அப்போது விளங்கும்.