கொத்தரிசியும் காஸ் சிலிண்டரும்

ஜனரஞ்சக அரசியல் நாட்டை இரண்டாகப் பிரித்துப் பேசும். ஒரு பக்கம் பாடுபடும் மக்கள், மறுபக்கம் அவர்கள் வயிற்றில் அடிக்கும் மேல்தட்டு. தான் மக்கள் பக்கம் என்று காட்ட வேண்டிய தலைவருக்கு நீண்ட கொள்கை விளக்கத்தைவிடச் சமையலறையில் கிடக்கும் ஒரு பொருள் நன்றாகக் கைகொடுக்கும். புத்தளம் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 செப்டெம்பரில் தேங்காய் விலை ஏறிக்கொண்டிருந்தபோது, தென்னைக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சர் அருந்திக்க பெர்னாண்டோ தங்கொட்டுவையில் ஒரு தென்னையில் ஏறினார். மரத்தில் இருந்தபடியே, கையில் தேங்காயோடு, நாட்டின் தேங்காய்த் தட்டுப்பாட்டைச் செய்தியாளர்களுக்கு விளக்கினார். அதே மாதம் அரசாங்கம் தேங்காயின் சுற்றளவைக் கொண்டு உச்ச விலை நிர்ணயித்தது. 13 அங்குலத்துக்கு மேற்பட்ட காய் 70 ரூபாய், 12 முதல் 13 அங்குலம் வரை 65 ரூபாய், அதற்கும் சிறியது 60 ரூபாய். அளவுநாடாவோடு தேங்காய் வாங்கப் போவது யார் என்று ஊரெல்லாம் சிரித்தது. மரமேறிய படம் வெளிநாட்டுச் செய்திகள் வரை போனது. வர்த்தமானி சொன்ன விலைக்குச் சந்தையில் தேங்காய் கிடைப்பதுதான் அரிதாக இருந்தது.

அரசியலில் புழங்கும் பொருட்களில் இரண்டு வகை உண்டு. சில பொருட்கள் காட்டுவதற்கு, சில கொடுப்பதற்கு. தேர்தல் சின்னம் முதல் வகை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது எழுத்தறியாதோரும் வாக்களிக்க வேண்டியிருந்ததால் வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு வாக்குப்பெட்டி என்று ஏற்பாடு செய்தார்கள். பின்னர் சின்னங்கள் வந்தன. கொழும்பு - புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் பாலாவிச் சந்தியைக் கடப்பவர்கள் தேர்தல் காலத்தில் பார்க்கும் சுவரொட்டிகளில் கதிரை, வெற்றிலை, தொலைபேசி, திசைகாட்டி என்று பொருட்கள் வரிசையாக வந்துபோயிருக்கின்றன. 2020 பொதுத் தேர்தலில் புத்தளத்து முஸ்லிம் வாக்குகள் சிதறாமலிருக்க, மரத்தையும் மயிலையும் சின்னமாகக் கொண்ட இரு கட்சிகள் அவற்றை ஒதுக்கிவைத்துத் தராசுச் சின்னத்தின் கீழ் ஒன்றாகப் போட்டியிட்டன. ஓர் ஆசனம் கிடைத்தது. அதுவரை எதிரெதிராக நின்றவர்களை ஒரே சுவரொட்டியில் நிறுத்தியது தராசுதான்.

உடையும் காட்டும் பொருளே. மகிந்த ராஜபக்சவின் கழுத்தில் கிடந்த செம்பழுப்புச் சால்வை குரக்கனின் நிறம். அரசாங்க சபை உறுப்பினராக இருந்த அவருடைய பெரிய தந்தை டி.எம். ராஜபக்ச, ஹம்பாந்தோட்டையின் வறண்ட நிலத்துக் குரக்கன் விவசாயிகளின் அடையாளமாக அதை அணியத் தொடங்கினார். சால்வை குடும்பச் சொத்தாகி, அலரி மாளிகைவரை வந்தது. குரக்கன் விதைத்தவர்கள் வயலிலேயே நின்றார்கள். ஆனாலும் சால்வையைப் பார்த்து யாரும் கணக்குக் கேட்க முடியாது. எத்தனை கிலோ, என்ன விலை என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை.

கொடுக்கும் பொருளின் கதை வேறு. இலங்கை அரசியலில் இதை முதலில் கற்பித்தது அரிசிக் கொத்து. 1952 தேர்தலில் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்துக்கே கிடைக்கும் என்ற உறுதியோடு டட்லி சேனநாயக்க வென்றார். அடுத்த ஆண்டே நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன அதை 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் 1953 ஆகஸ்ட் 12 அன்று நாடு முடங்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டி வந்தது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த சேர் ஜோன் கொத்தலாவல விலையை 55 சதத்துக்கு இறக்கினார்.

பாடம் அத்தோடு முடியவில்லை. அறுபதுகளின் நடுவில் மீண்டும் பிரதமரான டட்லி, வாரத்துக்கு இரண்டு கொத்தாக இருந்த பங்கீட்டை இலவச ஒரு கொத்தாக்கினார். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வென்றார். சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவேன் என்றார் என்பது இன்றும் மேடைகளில் நையாண்டியாகச் சொல்லப்படுகிறது. உலகச் சந்தையில் விலை ஏறிய 1973, 1974இல் பாணுக்கு வரிசை நின்றது. மரவள்ளிக் கிழங்கில் குடும்பங்கள் காலம் தள்ளின. இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர்கள் நான்கு காசு பார்த்ததும் அதே காலத்தில்தான். 1977இல் ஜே.ஆர். எட்டு இறாத்தல் தானியம் தருவதாக வாக்களித்து ஆட்சிக்கு வந்தார். 1979இல் பங்கீடு உணவு முத்திரையாக மாறியது. பாக்குநீரிணைக்கு அப்பாலும் இதே கதைதான்: 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கத்தோடு வென்ற தி.மு.க., ஆட்சிக்கு வந்தபின் ஒரு படியோடு, அதுவும் சென்னை, கோவையில் தொடங்க வேண்டியிருந்தது.

அரிசிக் கொத்தின் இடத்தை இந்தத் தலைமுறையில் காஸ் சிலிண்டர் பிடித்தது. 2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 1,493 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபாய். விலையைவிடக் கொடுமை, அந்த விலைக்கும் கிடைக்காமை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியோரம் வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதும், காலையில் வந்து தன் சிலிண்டர் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் வழக்கமாயிற்று. பொறுமை போன இடங்களில் அதே வெறும் சிலிண்டர்களை நடுவீதியில் அடுக்கி மறியல் செய்தார்கள். அச்சடித்த பதாகை தேவைப்படவில்லை. 2019இல் மொட்டுச் சின்னத்தில் பெருவெற்றி பெற்ற கோட்டாபய ராஜபக்ச 2022 ஜூலையில் நாட்டைவிட்டு ஓடினார்.

இதன் பின்குறிப்பு இன்னும் சுவையானது. கோட்டாபயவுக்குப் பின் ஜனாதிபதியாகி, 2024 ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ரணில் விக்கிரமசிங்க தேர்ந்துகொண்ட சின்னம் காஸ் சிலிண்டர். வரிசையை ஒழித்தது தானே என்று நினைவூட்டுவது நோக்கம். கணக்குத் தப்பில்லை, வரிசைகள் உண்மையில் மறைந்திருந்தன. ஆனால் சிலிண்டரைப் பார்த்தவருக்கு வரிசை மறைந்தது மட்டும் நினைவுக்கு வரவில்லை. விலையும், மின் கட்டணமும், வரியும் சேர்ந்தே வந்தன. அவருக்குக் கிடைத்தது 17 சதவீதத்துக்குச் சற்று மேல், மூன்றாமிடம். திசைகாட்டி வென்றது. திசைகாட்டி யார் வீட்டு அடுப்படியிலும் இல்லாத பொருள் என்பது அதற்கு ஒரு வகையில் வசதியாகவே இருந்திருக்கும்.

வென்றவர்களையும் பொருட்கள் விடவில்லை. மழை உப்பு அறுவடையைக் கெடுத்ததால் 2025இல் கடைகளில் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. சுற்றிலும் கடல் உள்ள நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. பாலாவியிலும் புத்தளம் களப்பைச் சுற்றியும் உப்பளங்களில் பாத்திகளில் நீர் வற்றி, பூத்த உப்பை வாரிக் குவித்துக் கிடுகால் மூடிவைப்பார்கள். தொடர்ந்து நான்கு நாள் மழை பெய்தால் பாத்தியில் இருப்பது மீண்டும் தண்ணீர்தான். வானிலைதான் காரணம் என்பது உப்பளத் தொழிலாளிக்குத் தெரியும். பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை; உப்புக்கூட இல்லாத ஆட்சி என்ற ஒரு வரி போதுமாக இருந்தது.

1930இல் காந்தி தண்டியிலும், ராஜாஜி வேதாரண்யத்திலும் உப்பை எடுத்ததற்குக் காரணம், ஏழைக்கும் தவிர்க்க முடியாத பொருள்மீது அரசு வரி போட்டிருந்தது. அங்கே பொருளும் கோரிக்கையும் ஒன்றாகவே இருந்தன. தென்னையில் ஏறியவருக்கும் சிலிண்டரைச் சின்னமாக்கியவருக்கும் அந்தப் பொருத்தம் அமையவில்லை. பாலாவிச் சந்தியில் அடுத்த தேர்தலுக்கு எந்தப் பொருளின் படம் ஒட்டப்பட்டாலும், வாக்காளர் அதன் கடை விலையை ஒருமுறை கேட்டுவிட்டுப் போவது நல்லது.