அணியும் ஊரும்: ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் 'உரித்து' பற்றி

பழச்சாற்று இயந்திரத்தில் என்னோடு நிற்பவர் ஒரு பலெர்மோக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் ஊரில் விரிவுரையாளனாக இருந்தவன் என்பது தெரிந்த நாளிலிருந்து என்னைப் 'புரொபெஸோரே' என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி பகிடி. 2019 யூலையில் ஒரு காலை அவர் ஒரு சொல்லும் பேசாமல் எலுமிச்சைக் கூடைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஏதும் சாவோ என்று பயந்து கேட்டேன். "பலெர்மோ இல்லை" என்றார். நகரம் யன்னலுக்கு வெளியே கடல் வரை கிடந்தது. அவர் சொன்னது கழகத்தை.

அன்று நான் நினைத்தது, எங்களில் பலர் இப்போதும் நினைப்பதைத்தான்: சம்பளம் ஒழுங்காக வராத தொழிலாளி, சம்பளம் கோடியில் வாங்கும் பதினொரு பேருக்காக அழுகிறான், இதுவல்லவோ மயக்கமருந்து! இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த எண்ணத்தை நான் ஏன் கைவிட நேர்ந்தது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். அதற்கு எங்கள் ஊரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பும் காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பலெர்மோவின் கதை. 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கழகம் இது. இளஞ்சிவப்பும் கறுப்பும் அதன் நிறங்கள். எங்களவர்கள் ஞாயிறுகளில் புனித ரொசாலியாவிடம் ஏறிப்போகும் பெல்லெக்ரீனோ மலையின் அடிவாரத்தில்தான் அதன் மைதானம் இருக்கிறது. 1986இல் கடன் முற்றிக் கழகம் தொழில்முறைப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு பருவம் முழுவதும் இந்த நகரத்துக்கு அணியே இருக்கவில்லை. 1987இல் புதிய கழகமாக நான்காம் நிலையிலிருந்து தொடங்கினார்கள். உடனேயே இன்னொரு சோதனை: 1990 உலகக் கிண்ணத்துக்காக மைதானம் திருத்தப்பட்டபோது, அணி தனது 'சொந்த மைதான' ஆட்டங்களை ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் திராப்பானியில் ஆடியது. அந்தத் திருத்தவேலையில் 1989 ஓகஸ்ட் 30ஆம் திகதி கூரைக் கட்டமைப்பு இடிந்து ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். உலகக் கிண்ண நினைவுகளைப் பேசுபவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. என் இயந்திரத்துத் தோழர் பேசுவார்.

2002இல் மௌரிசியோ ஸம்பரீனி என்ற வர்த்தகர் கழகத்தை வாங்கினார். அதற்கு முன் அவர் வெனேசியா கழகத்தின் உரிமையாளர். பலெர்மோவை வாங்கிய கையோடு, பேர்ஜினே என்ற மலையூரில் பயிற்சி முகாமில் இருந்த வெனேசியாவின் வீரர்களில் ஏறக்குறைய ஒரு டசின் பேரைப் பலெர்மோவின் முகாமுக்கு மாற்றிவிட்டார். வெனிஸ் ரசிகர்கள் அதை இன்றும் 'பேர்ஜினே களவு' என்கிறார்கள். பெயரும் நிறமும் வெனிஸில் நின்றன, அணி மட்டும் தெற்கே போய்விட்டது. 2004இல் முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு பலெர்மோ முதல் பிரிவுக்கு ஏறியது. 2006இல் உலகக் கிண்ணம் வென்ற இத்தாலிய அணியில் நாலு பேர் பலெர்மோவின் வீரர்கள். இந்தப் பெருமையெல்லாம் இன்னொரு ஊரின் இழப்பிலிருந்து தொடங்கியது என்று நான் ஒருமுறை சொன்னபோது தோழர் தோளைக் குலுக்கிவிட்டு, "அது வெனிஸ்காரர் பாடு" என்றார். தன் இழப்பை அறிந்தவன் மற்றவன் இழப்பையும் அறிவான் என்பதெல்லாம் நாங்கள் கட்டுரைகளில் எழுதுவதுதான்.

2018 இறுதியில் அதே ஸம்பரீனி பெயரளவில் பத்து யூரோவுக்குக் கழகத்தை விற்றார். 2019 கோடையில் உரிய காலத்துக்குள் பதிவுக்கான நிதி உத்தரவாதங்கள் கொடுபடவில்லை. கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து விலக்கப்பட்டது. தோழர் "பலெர்மோ இல்லை" என்று சொன்னது இதைத்தான்.

இனி நடந்ததுதான் என்னை யோசிக்கவைத்தது. இத்தாலிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் உள்விதிகளில் ஐம்பத்திரண்டாவது விதி 'விளையாட்டு உரித்து' என்ற ஒன்றைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட பிரிவில் ஆடுவதற்கு ஒரு கழகத்துக்கு இருக்கும் தகுதியே இந்த உரித்து. இதை எந்த நிலையிலும் விலைமதிக்கவோ கைமாற்றவோ முடியாது என்று அந்த விதி சொல்கிறது. பங்குகளை விற்கலாம், கடனை விற்கலாம், ஆட்களைக்கூட விற்கலாம். உரித்தை விற்க முடியாது. ஒரு கழகம் செத்துப்போனால், அந்த நகரத்தைச் சேர்ந்த புதிய கழகமொன்று கீழ்நிலைப் பிரிவில் ஆட அனுமதி பெறலாம். அதில் நகர முதல்வரின் கருத்துக்கு இடமுண்டு. ஆகவே பலெர்மோ நகரசபை பகிரங்க அறிவித்தல் விட்டது. விண்ணப்பங்களைப் பார்த்து முதல்வர் லெயொலூக்கா ஒர்லாண்டோ ஒரு குழுவைத் தெரிவுசெய்தார். நான்காம் பிரிவில், சின்னஞ்சிறு ஊர்களுக்கு எதிராக ஆடவேண்டிய அணிக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பருவச்சீட்டு வாங்கினார்கள். தோழரும் ஒருவர். 2022 யூனில் அணி மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு வந்தது; அடுத்த மாதமே அபுதாபிப் பணத்தில் இயங்கும் பெருங்குழுமம் ஒன்று பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. நடைமுறையில் விதியை வளைப்பவர்களும் உண்டு, வெனிஸ் கதை அதற்குச் சாட்சி. இருந்தாலும், அணி ஊருக்குரியது என்ற எண்ணம் இங்கே சட்டத்தின் எழுத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே தொழில்முறைச் சங்கம் மூடிய வட்டம். இத்தனை அணிகள்தான் என்று எண்ணிக்கை கட்டுப்பட்டது, ஏற்றமிறக்கம் கிடையாது. ஆகவே அணி இல்லாத நகரங்கள் எப்போதும் வரிசையில் நிற்கும். உரிமையாளர் தன் நகரசபையிடம் போய், மக்கள் வரிப்பணத்தில் புதிய மைதானம் கட்டித் தராவிட்டால் அடுத்த நகரத்துக்குப் போய்விடுவேன் என்பார். இது வெறும் வெருட்டல் அல்ல. 1984 மார்ச் 28ஆம் திகதி இரவு பால்டிமோர் நகரத்தின் அணி, பாரவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் இண்டியானாபொலிசுக்குப் போய்விட்டது. ஏன் அந்த அவசரம்? பொதுத்தேவைக்குக் காணி சுவீகரிப்பதைப்போல அணியையே அரசு சுவீகரிக்க வழிசெய்யும் சட்டமொன்று மேரிலான்ட் மாநிலத்தில் நிறைவேறிக்கொண்டிருந்தது. காணிச் சுவீகரிப்பு என்ற சொல்லை நாங்கள் வேறுவிதமாக அறிவோம். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு ஒட்டப்பட்ட அறிவித்தல்களை எங்களில் பலர் இணையத்தில் படமாகப் பார்த்து, அதில் எங்கள் வளவு வருகிறதா என்று தேடியவர்கள். அங்கே ஓர் அரசு ஊரின் அணியை ஊரில் நிறுத்துவதற்கு எடுத்த அதே ஆயுதத்தை, எங்கள் அரசு ஊரின் ஆட்களை ஊருக்கு வெளியே நிறுத்துவதற்கு எடுத்தது.

பறிகொடுத்த பால்டிமோர் என்ன செய்தது? 1995 நவம்பரில் கிளீவ்லாண்டின் அணியைத் தன்னிடம் இழுத்துக்கொண்டது. கிளீவ்லாண்ட் மக்கள் சும்மா இருக்கவில்லை. நகரம் வழக்குப் போட்டது. 1996இல் ஏற்பட்ட இணக்கப்பாட்டின்படி வீரர்கள் போகலாம், பெயரும் நிறங்களும் வரலாறும் கிளீவ்லாண்டில்தான் நிற்கும். மூன்று பருவங்கள் அந்தப் பெயர் ஆளில்லாமல் காத்திருந்தது. 1999இல் புதிய அணி அதைப் போட்டுக்கொண்டு இறங்கியது.

இலண்டனில் இருக்கும் வாசகர்களுக்கு விம்பிள்டன் கதை தெரிந்திருக்கும். பிள்ளையார் கோயிலுக்குப் போகும் வழியில் கேட்டிருப்பீர்கள். 1991இலேயே சொந்த மைதானத்தை விட்டு வேறு கழகத்தின் மைதானத்தில் ஒட்டுக்குடித்தனம் இருந்த விம்பிள்டன் கழகத்தை, ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீற்றர் தள்ளியுள்ள மில்ரன் கீன்சுக்கு மாற்ற 2002 மே மாதம் மூவர் கொண்ட ஆணைக்குழு இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் தாங்களே புதுக்கழகம் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கை சொன்னது. ரசிகர்கள் சில வாரங்களுக்குள் அதையே செய்தார்கள். பொதுவெளியில் ஆட்தெரிவு வைத்து, ஒன்பதாம் நிலையிலிருந்து தொடங்கி, 2020 நவம்பரில் பழைய மைதானம் இருந்த அதே வீதியில் தங்கள் மைதானத்தைத் திறந்தார்கள். எங்கே ஆடுவது என்பதில் அங்கத்தவர்களுக்கே இறுதிச்சொல் இருந்தது.

இப்போது எங்கள் பக்கம் வருவோம். சென்னை அணி 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தால் புனேக்குப் போனபோது, ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்கள் விசேட ரயிலில் பின்னாலேயே போனார்கள். அது ஒரு பருவ இடமாற்றம் மட்டுமே. யாழ்ப்பாணத்தின் கதை வேறு. 2020இல் லங்கா பிரிமியர் லீக் தொடங்கியபோது 'யவ்னா ஸ்ராலியன்ஸ்' என்று ஓர் அணி வந்தது. எங்கள் நண்பர்கள் பலர் நெகிழ்ந்துபோனார்கள், யாழ். மத்திய கல்லூரிப் பிள்ளை வியாஸ்காந்த் பந்து போட்டதைப் பார்த்து நானும் நெகிழ்ந்தேன். ஆட்டங்கள் எல்லாமே அம்பாந்தோட்டையில், ஆளில்லாத மைதானத்தில். அடுத்த ஆண்டு உரிமையாளர் மாற, பெயர் 'யவ்னா கிங்ஸ்' ஆனது. 2020, 2021, 2022, 2024 என நாலு தடவை கிண்ணம் வென்றது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அதற்குத் தகுந்த மைதானம் அங்கே இருக்கவில்லை. மண்டைதீவில் மைதானம் கட்டும் வேலை 2025 செப்ரெம்பரில்தான் தொடக்கிவைக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, ஏப்ரலில், அணியின் ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்தில் யாரும் தெருவுக்கு இறங்கியதாக நான் அறியவில்லை. ஊரில் ஒருநாளும் ஆடாத அணி எங்கே போனால் யாருக்கு என்ன? அது இடம்பெயர்ந்த அணியல்ல. வாடகைக்கு எடுத்த பெயர்.

இனித் தொலைபேசி அழைப்பு. எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில், 1990 யூனில் வெளியேறிய ஊர்களில் ஒன்று. ஊர்க் கழகத்துக்கு நான் இடது பின்வரிசையில் ஆடியவன். பெரிய ஆட்டக்காரன் அல்ல, ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். இடம்பெயர்ந்த பிறகும் கழகம் ஊர்ப் பெயரோடேயே நின்றது. இரவல் பள்ளிக்கூட மைதானத்தில், ஊரைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அந்த ஊரின் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு ஆடினார்கள். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது கழகத்தின் கிண்ணங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர் எங்கள் செயலாளர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காணிகளில் ஒரு பகுதி விடுபட்டது. பழைய மைதானமும் அதில் வந்தது. ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் கொஞ்சம். கழகத்தில் ஆடும் பிள்ளைகளில் முக்கால்வாசிப்பேர் இன்னும் இடம்பெயர்ந்த இடத்தில். அவர்களுக்கு அதுதான் ஊர். மைதானத்தை எங்கே வைப்பது என்று சண்டை. "தம்பி, வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை ஆக்கள் எல்லாரிட்டையும் கேக்கிறம். நீ என்ன சொல்லுறாய்? காசும் நீங்கள்தானே தரவேணும்" என்றார் செயலாளர்.

அண்ணை, நான் யோசிச்சுச் சொல்லுறன் என்றேன். இரண்டு கிழமை சொல்லவில்லை.

பாரிசிலும் இலண்டனிலும் உள்ள எங்கள் ஊர்க்காரர் ஒரே குரலில் பழைய மைதானம் என்றார்கள். என் மனமும் அதுதான். அந்தப் பனைகளும் மேற்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் கிணறும் எனக்கு இப்போதும் கனவில் வரும். இருந்தாலும் ஞாயிறுதோறும் அங்கே போய் நிற்கப்போவது நான் அல்ல. பத்து மைல் சைக்கிள் மிதித்துப் பயிற்சிக்கு வரவேண்டியது என் பிள்ளையும் அல்ல. என் மகள் பலெர்மோ ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள்' என்கிறாள். தூரத்தில் இருந்துகொண்டு, காசைக் காட்டி, ஒரு அணி எங்கே ஆடவேண்டும் என்று சொல்வதற்கு அமெரிக்காவில் ஒரு பெயர் உண்டு: உரிமையாளர். அந்த இடத்தில் நிற்க நான் விரும்பவில்லை. பழைய மைதானம் அழிந்துபோகட்டும் என்பதல்ல என் வாதம். பெயரும் பதிவேடும் கிண்ணங்களும் ஊரில் இருக்கட்டும், ஆண்டுவிழாச் சுற்றுப்போட்டி அங்கே நடக்கட்டும். வாராந்த ஆட்டம் எங்கே என்பதைச் சப்பாத்துப் போடுகிறவர்கள் தீர்மானிக்கட்டும். இதைச் சொன்னதற்குப் பாரிசிலிருந்து எனக்கு வந்த ஏச்சை இங்கே எழுத முடியாது. மண்ணை மறந்தவன் என்பது அதில் மிக மென்மையான பகுதி. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள், விவாதிப்போம்.

செயலாளருக்கு எடுத்து, "அண்ணை, காசு அனுப்புறன். என்ரை வோட்டை எண்ணாதேங்கோ" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப வலைக்கு எவ்வளவு, புல்லு வெட்டுற மிசினுக்கு எவ்வளவு எண்டு பிரிச்சு எழுதி அனுப்பு. கணக்குக் காட்டவேணும்" என்றார்.