அம்பு பாயும் தூரமும் மான் வீழும் தூரமும்

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தாமிரபரணிப் பாலத்தை எட்டுவதற்கு முன்னர், முட்புதர்கள் மண்டிய வல்லநாட்டுக் குன்று தனித்து நிற்கிறது. அக்குன்றை உள்ளடக்கி 1987ஆம் ஆண்டு 16.41 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைக்கப்பட்ட வெளிமான் சரணாலயம், இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களுள் தென்கோடியில் இருப்பது. ஆற்றின் போக்கில் சில கிலோமீட்டர் கீழே, தென்கரையில், ஆதிச்சநல்லூர்ப் பறம்பு இருக்கிறது. அங்கே 1899 முதல் 1905 வரை அகழாய்வு நடத்திய அலெக்சாண்டர் ரீ, தாழிகளோடு புதைக்கப்பட்டிருந்த வாள், ஈட்டி, அம்புமுனை முதலிய இரும்புக் கருவிகளை வெளிக்கொணர்ந்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வில், ஒரு பெண்ணுருவத்தோடு மானும் நாரையும் புடைப்பாக ஒட்டப்பட்ட பானை ஓடு ஒன்று கிடைத்தது. இரும்பு முனை கொண்ட அம்பும், மானை உற்றுநோக்கி மண்ணில் வடித்த கையும் ஒரே ஆற்றங்கரையில் இருந்திருக்கின்றன என்பதால், வில்லேந்திய ஒருவன் மானுக்கு எவ்வளவு அருகில் சென்ற பிறகு நாணை விட்டிருப்பான் என்ற கேள்வி இங்கே இயல்பாகவே எழுகிறது. வில்வேட்டை என்னும் கலையின் பெரும்பகுதி அந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஒரு வில்லிலிருந்து அம்பு எவ்வளவு தூரம் பறக்கும் என்பதும், அந்த வில்லைக் கொண்டு ஒரு விலங்கை எவ்வளவு தூரத்திலிருந்து தவறாமல் வீழ்த்தலாம் என்பதும் முற்றிலும் வேறானவை. துருக்கியின் உதுமானிய வில்லாளர்கள், இஸ்தான்புல்லின் ஒக்மெய்தான் திடலில், 800 மீட்டருக்கு மேலும் அம்பைப் பறக்கவிட்டு, அது விழுந்த இடத்தில் கல் நட்டு வைத்தார்கள். அது தூரத்துக்காகவே செய்யப்பட்ட இலேசான அம்பு. எதன்மீது விழுகிறது என்ற கவலை அதற்கு இல்லை. வேட்டைக்காரனின் அம்புக்கோ முனை கனமானது, இலக்கு உயிருள்ளது, இலக்கில் படவேண்டிய இடமும் மிகச் சிறியது. ஆகவே, அம்பு சென்று சேரக்கூடிய தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேட்டைக்குப் பயன்படுவதில்லை. அனுபவமுள்ள வில்லாளர்கள் மரபு வில்லுக்கு 15 முதல் 20 மீட்டர் வரையிலான தொலைவையே நம்பகமான எல்லையாகக் கொள்வார்கள் என்பது முதன்முதலில் கேட்போருக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

இந்தச் சிறிய எண்ணுக்குப் பின்னாலிருக்கும் காரணங்களுள் முதன்மையானது காலம். மரத்தாலான மரபு வில்லிலிருந்து புறப்படும் அம்பின் வேகத்தை நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் என்று கொண்டால், 20 மீட்டரைக் கடக்க அதற்கு 0.4 நொடி பிடிக்கும். நாண் அதிரும் ஓசையோ நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் சென்று, 0.06 நொடியிலேயே மானின் காதை எட்டிவிடும். எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு நொடி முழுவதும் மானுடையது. திடுக்கிட்ட மான் பாய்ந்தோடுவதற்கு முன்னர், கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தி, பாய்ச்சலுக்கு வேண்டிய விசையைத் திரட்டிக்கொள்ளும். கால்களின் தாங்குதல் நீங்கிய உடல் 0.2 நொடியில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கீழிறங்கிவிடும் என்பது புவியீர்ப்புக் கணக்கு. அதனால், சரியாகக் குறிவைத்து எய்த அம்புகூட முதுகுக்கு மேலே கடந்து போகலாம், அல்லது அதைவிடக் கொடியதாக, முதுகுத்தசையில் மட்டும் தைத்து நிற்கலாம். தொலைவு 10 மீட்டராக இருந்தால், ஓசை எட்டிய பின் மானுக்குக் கிடைப்பது 0.17 நொடிதான், செவி கேட்டுத் தசை இயங்கத் தொடங்குவதற்குள் அம்பு சேர்ந்துவிடும். 40 மீட்டரில், தலை குனிந்து அமைதியாக மேயும் மான், எதையும் கேளாமலேயே ஓர் அடி முன்னே எடுத்து வைப்பதற்குப் போதுமான நேரம் இருக்கிறது.

இரண்டாவது காரணம் அம்பின் வளைந்த பாதை. விட்ட கணத்திலிருந்தே அம்பு கீழ்நோக்கி விழத் தொடங்குகிறது; காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், மேற்சொன்ன அதே வேகத்தில் 15 மீட்டர் தொலைவில் 44 சென்டிமீட்டரும், 20 மீட்டரில் 78 சென்டிமீட்டரும், 30 மீட்டரில் 176 சென்டிமீட்டரும், 35 மீட்டரில் 240 சென்டிமீட்டரும் நேர்கோட்டிலிருந்து இறங்கும். பழகிய கை இந்த இறக்கத்தை ஈடுகட்டி, வில்லைச் சற்று உயர்த்திப் பிடிக்கும். ஆனால், எவ்வளவு உயர்த்துவது என்பது தொலைவைக் கண் எவ்வளவு சரியாக மதிப்பிட்டது என்பதைப் பொறுத்தது. 35 மீட்டரில் நிற்கும் மானை 30 மீட்டரில் நிற்பதாக எண்ணி எய்தவனின் அம்பு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் தாழ்ந்து போகும். 20 மீட்டரை 15 மீட்டர் என்று எண்ணியவனின் அம்போ ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான் தவறும். புள்ளிமானின் பக்கவாட்டில், இதயமும் நுரையீரலும் அடங்கிய மார்புப்பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுவது. தொலைவு கூடக்கூடக் கண்ணின் பிழையும் கூடுகிறது. அந்தப் பிழைக்கு அம்பு கொடுக்கும் தண்டனையும் கூடுகிறது. இலக்கின் அளவு மட்டும் மாறுவதே இல்லை.

அந்த வட்டத்துக்கு வெளியே படும் அம்பு என்ன செய்யும் என்பதை அறிந்தால்தான், இந்த எல்லை வெறும் திறமைப் பந்தயம் அன்று என்பது விளங்கும். துப்பாக்கிக் குண்டு தன் அதிர்ச்சியாலும் திசுக்களைச் சிதைக்கிறது. அம்பு அப்படியல்ல, அது அறுத்து, குருதியை வெளியேற்றி மட்டுமே கொல்கிறது. இரண்டு நுரையீரல்களையும் ஊடுருவினால் மான் சிறிது தூரம் ஓடி விழுந்துவிடும். வயிற்றில் பட்டால் பல மணிநேரம் துன்புற்று, எவர் கண்ணுக்கும் படாத புதரில் சாகும். நாட்கணக்கில் நொண்டித் திரிந்து, நாய்களுக்கு இரையாகும் மானை எய்தவன் பிறகு ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. தன் எல்லையை மீறி எய்வது வேட்டை அறத்தில் பெரும் பிழையாகக் கருதப்பட்டதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

வில்வேட்டை சட்டப்படி நடைபெறும் நாடுகளில் இந்த எல்லையைக் கண்டறிய எளிய வழி ஒன்று பின்பற்றப்படுகிறது. மார்புப்பகுதியின் அளவில் ஒரு வட்டத்தை வரைந்து, எத்தனை மீட்டர் வரை தன் அம்புகள் அனைத்தும் அதற்குள்ளேயே விழுகின்றன என்று ஒருவர் பார்க்கிறார். பத்தில் எட்டு விழுந்தால் போதாது, பத்தும் விழவேண்டும். அப்படிக் கிடைத்த தொலைவையும் காட்டுக்குள் சென்றதும் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்; களைப்பு, பரபரப்பு, மங்கிய ஒளி, குறுக்கே நீளும் ஒரு சுள்ளி ஆகிய ஒவ்வொன்றும் அதிலிருந்து சில மீட்டரைக் கழித்துவிடும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1934ஆம் ஆண்டு வில்வேட்டைக்கெனத் தனிப் பருவம் அறிவித்தது. டென்மார்க் 1999இல் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும் ரோ மானை வில்லால் வேட்டையாட இசைவளித்தது. பிரிட்டனோ 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தால் வேட்டையில் வில்லை அறவே விலக்கிவிட்டது. 1969இல் அமெரிக்கரான ஹாலஸ் ஆலன் காப்புரிமை பெற்ற கப்பி பொருத்திய வில், அம்பின் வேகத்தை நொடிக்கு 80, 90 மீட்டர் வரை உயர்த்தியிருக்கிறது. ஆயினும் ஓசையே இன்னமும் முந்துகிறது.

காற்றைப் பற்றித் தூத்துக்குடிக் கரையினருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சானையும் கிழக்கிலிருந்து வரும் கொண்டலையும் முத்துக்குளிப்பாரும் மீனவரும் நாள்தோறும் கணித்தே கடலுக்குச் சென்றார்கள். குறுக்கே வீசும் காற்று அம்பைப் பக்கவாட்டில் தள்ளும் என்பது அதன் சிறிய தீங்குதான். மனித வாடையை மானின் மூக்குக்குக் கொண்டுசேர்ப்பதே பெரிய தீங்கு. கச்சான் வீசும் மாதங்களில் வல்லநாடு போன்ற வெட்டவெளியில் மேற்கிலிருந்து மானை நெருங்க முயல்பவர், 20 மீட்டருக்கு வருவதற்கு வெகு முன்னரே கண்டுகொள்ளப்படுவார்.

தமிழ் இலக்கியத்தில் வில்லாண்மைக்குப் பேர்பெற்றவன் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாடலில், அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. இதில் புலவரின் மிகை எவ்வளவு என்று ஆராய்வதைவிட, அவர் எதைப் புகழ்ந்தார் என்று பார்ப்பது பயன்தரும். அம்பின் ஊடுருவும் ஆற்றலே அங்கே போற்றப்படுகிறது. எவ்வளவு தொலைவிலிருந்து எய்தான் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

பாண்டிநாட்டில் மானை வீழ்த்தியதாகச் சொல்லப்படும் மற்றோர் ஆயுதம் வளரி. பிறைபோல் வளைந்து, ஒரு முனை கனத்தும் மறுமுனை இலேசாகவும் அமைந்த இந்த எறிகருவியை வைரம் பாய்ந்த மரத்தாலும் சில வேளைகளில் இரும்பாலும் செய்தார்கள். அரண்மனைகளுக்குத் தந்தத்தாலும் செய்தார்கள். இலேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி விசையேற்றிய பின்னரே அதை வீசுவார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படையதிகாரி, 1801இல் ஊமைத்துரையின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை முற்றுகையிட்ட படையில் இருந்தவர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், நட்பாக இருந்த காலத்தில், சிவகங்கையின் சின்னமருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். 1830இல் லண்டனில் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில், தேர்ந்த கையிலிருந்து புறப்படும் வளரி 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், எத்தொலைவிலும் தப்பாது என்று அவர் எழுதினார். தமக்குக் கற்றுத்தந்த சின்னமருது 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதைப் பற்றியும் அதே நூலில் எழுதிய அவருடைய வருத்தம் உண்மையானது. வளரியைப் பற்றிய மதிப்பீட்டில் ஆசானின் மீதிருந்த வியப்பும் கலந்திருக்கக்கூடும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் இடம்பெறும் புதுக்கோட்டைக் குறிப்பு, அக்காலத்தில் வளரி முயல், காட்டுக்கோழி போன்ற சிறு உயிர்களை வேட்டையாடவே எப்போதாவது பயன்பட்டதாகவும், மற்றபடி பூசையறையில் வைக்கப்பட்டு ஆயுத பூசையன்று துடைத்து வணங்கப்பட்டதாகவும் தெரிவிக்கிறது.

அம்பு ஒரு புள்ளியாகச் செல்வது. வளரியோ சுழன்று செல்வதால் தன் நீளத்தின் அகலத்துக்குக் காற்றைத் துழாவிக்கொண்டு போவது. குறி சிறிது விலகினாலும் அது விலங்கின் காலையோ விலாவையோ தாக்கும். மானின் காலை முறித்து நிறுத்துவதற்கு அது பயன்பட்டதாகச் சொல்லப்படுவதில் பொருள் இருக்கிறது. ஆனால், நிறுத்திய மானை ஓடிச்சென்று கொல்ல மற்றொரு கருவியும் மற்றோர் ஆளும் வேண்டும். தொலைவை நீட்டித்த வளரி, கொலையின் உறுதியை அதற்கு விலையாகக் கொடுத்தது.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் வேடர்கள் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தார்கள். அவர்களுடைய வில் ஏறத்தாழ ஆளுயரம் இருந்தது. அம்பின் முனையோ அகன்று நீண்ட இரும்பு அலகு. கண்டியில் நெடுங்காலம் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், வேடர்கள் இரவில் கொல்லனின் பட்டறைக்கு வந்து, வேண்டிய முனையின் வடிவத்தை இலையில் வெட்டி, இறைச்சியோடு தொங்கவிட்டுச் செல்வார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆளை நேரில் காணாமலே கொடுத்த அந்த அளவுகோலில் முனையின் வடிவம் எவ்வளவு முக்கியமாகக் கருதப்பட்டது என்பது தெரிகிறது. அகன்ற கனத்த அலகு நெடுந்தூரம் நேராகப் பறக்காது; அருகிலிருந்து எய்தால் அகலமாக அறுத்து விரைவில் கொல்லும். அத்தகைய அம்பைக் கேட்டு வாங்கியவர்கள் ஓசையின்றி நெருங்கிச் செல்லும் திறனையே தங்கள் முதலீடாக வைத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவின் யாஹி இனத்தில் எஞ்சியிருந்த கடைசி மனிதரான இஷியும் அப்படித்தான். வேட்டைக்கு முந்தைய நாள் அவர் மீன் உண்ணமாட்டார், புகைக்கமாட்டார் என்று அவரிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் 1923இல் பதிவு செய்தார்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், மானைக் கொல்வதை மட்டுமன்றிக் கொல்ல முயல்வதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. முதல் அட்டவணையில் இடம்பெற்ற வெளிமானை வேட்டையாடியவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. கொம்பு கிளைக்காமல் முறுக்கிக்கொண்டு வளர்வதாலும், ஆண்டுதோறும் உதிராததாலும், உயிரியலார் வெளிமானை மான் குடும்பத்தில் சேர்க்காமல் இரலை வகையில் சேர்ப்பார்கள். சட்டத்தின் காவல் இரண்டுக்கும் உண்டு. அந்தக் காவல் இல்லாதிருந்தால், தொடர்பறுந்த ஒற்றைக் குன்றில் ஒதுங்கிய ஒரு சிறு கூட்டம் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்காது.

தொலைவைக் கணிக்கும் அந்தப் பழைய அறிவு இன்று பயன்படும் இடம் கால்நடை மருத்துவரின் கை. ஊருக்குள் புகுந்த அல்லது காயமுற்ற விலங்கை மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கும்போது, ஊதுகுழலுக்கு ஏறத்தாழ 10 மீட்டரும், காற்றழுத்தத் துப்பாக்கிக்கு அதைவிடக் கூடுதலான தொலைவும் நம்பகமானவை. மருத்துவர் முதலில் லேசர் கருவியால் தொலைவை அளக்கிறார். பிறகே அதற்கேற்ப அழுத்தத்தைத் திருத்தி வைக்கிறார். அழுத்தம் மிகுந்தால் ஊசி தசையைக் கிழித்து எலும்பையும் முறித்துவிடும், குறைந்தால் வழியிலேயே விழுந்துவிடும். வேட்டைக்காரன் தேடிய மார்பை இவர் தவிர்த்து, தொடையின் தடித்த தசையைத் தேடுகிறார். மானைப் பொறுத்தவரை ஊசி தைத்தாலும் வேலை முடிவதில்லை. மருந்து பிடிக்கும் சில நிமிடங்களுக்குள் அது மிரண்டு ஓடி வேலியில் மோதலாம், அல்லது அச்சத்தாலும் கடும் ஓட்டத்தாலும் தசைகள் சிதைந்து, பிடிபட்ட சில நாட்களில் இறந்துபோகலாம். இதன் காரணமாகவே மான்கூட்டத்தை இடம்பெயர்க்க வேண்டிய நிலை வரும்போது, பல இடங்களில் துப்பாக்கியை எடுப்பதில்லை. வாய் அகன்று போகப்போகக் குறுகும் துணித்தட்டிகளாலான அடைப்பை மேய்ச்சல் வழியில் அமைத்து, உள்ளே தீவனம் வைத்து, கூட்டம் தானாக நுழையும் வரை நாட்கணக்கில் காத்திருந்து பிடிக்கிறார்கள்.